வயிறு வைத்த கத்தி

ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டாய். பார்சலை என்ன செய்வாய்? பிரித்துத்தானே ஆக வேண்டும்! உள்ளே நம் பட்டறையின் தோல் கத்தி இருக்கிறது. துணியை மெதுவாகப் பிரி, கை பத்திரம்.

அது சறுக்கி வெட்டிய என் கட்டைவிரலில் தையல் பிரித்தாகிவிட்டது. பாதிதான் மடங்குகிறது. பெல்ட் ஆர்டர்கள் தேங்கிக் கிடக்கின்றன. வேறு இரண்டு கத்தி வாங்கிப் பார்த்தேன். கனமான தோலில் ஒன்றுமே இதைப்போல் போகவில்லை. இதன் விளிம்பு இரண்டு பக்கமும் லேசாக உப்பி, வயிறு வைத்ததுபோல் இருந்ததே, அதுதான் காரணம். நீ தட்டைக் கல்லில் தேய்த்ததில் அந்த வயிறு போய்விட்டது. கெடுத்தவள் நீ, நீயே சரிசெய்து அனுப்பு.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே ஓட்டுகிறாயா?

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

கத்தியைப் பார்த்ததும் திரும்பத் துணியிலேயே சுற்றிவிட்டேன். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். "ஏன்டி, இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீ படுத்தா, நான் எப்படி நிம்மதியாத் தூங்குறது?" என்று கூடத் தங்கியிருக்கும் ரூம்காரி சத்தம் போட்டாள். ஆபீசிலிருந்து பழைய மவுஸ் பேட் கொண்டுவந்து தந்ததும் அவள்தான்.

உடைந்த அலமாரிப் பலகையில் ஒரு முழம் அறுத்து, மேலே மவுஸ் பேடையும் அதன்மேல் நைசான உப்புத்தாளையும் ஒட்டினேன். கல் விட்டுக்கொடுக்காது. இது கத்தி படுகிற இடத்தில் கொஞ்சம் அமுங்குகிறது, அதனால் விளிம்பு வளைவாகவே தேய்கிறது. முதலில் வழக்கம்போல் கூர்ப்பக்கத்தை முன்னால் வைத்துத் தள்ளித் தொலைத்தேன். தாள் கிழிந்து பேடும் வெட்டுப்பட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர இழுக்க வேண்டும், அழுத்தவே கூடாது. விளிம்பில் மை பூசி, அது எங்கே அழிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். வயிறு வந்துவிட்டது. கட்டையையும் சேர்த்தே அனுப்புகிறேன். இனி உனக்கு என் தயவு தேவையில்லை.

உதவி என்று நினைத்துத்தான் அன்று தீட்டினேன். உன் விரலையே கெடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "இவ கையில கத்தியக் குடுத்தது யாரு?" நியாயமான கேள்விதான்.

வீட்டு ஞாபகம் ரொம்ப வருகிறது அக்கா. ஆனால் உன் விரலைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. இங்கே பிஸ்கட் கம்பெனியில் என் வேலையை நிரந்தரம் ஆக்குகிறார்கள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தங்கச்சி

ஜூன் 24

என் வாலுக்கு,

கத்தி ஒரே இழுப்பில் போனது. சந்தோஷப்பட முடியவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

விரல் வெட்டுப்பட்ட அன்று நீ கடைக்குப் போயிருந்தாய். முதல் வெட்டிலேயே கத்தி சிக்குவது எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். என்னைக் கேட்காமல் தீட்டிவிட்டாளே என்ற ஆத்திரம். கட்டைவிரலைக் கத்தி வரும் வழியிலேயே வைத்துக்கொண்டு, பலமெல்லாம் போட்டு இழுத்தேன். விரல் எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று உன்னைத் தினமும் திட்டுகிற நானேதான். எந்தக் கத்தியாக இருந்தாலும் அன்று வெட்டியிருக்கும்.

வராந்தாவில் அம்மா கேட்டது உள்ளே எனக்கும் கேட்டது, இதெல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் சொல்லவில்லை. கத்தியை அனுப்பியதுகூட, அந்தச் சாக்கில் நீயே வந்துவிடுவாய், நான் எதையும் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றுதான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். இதோ, பேனாவைப் பிடுங்குகிறாள்.

அக்கா

பாப்பா, உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேலைக் காகிதத்துல கையெழுத்துப் போடாத. எந்த பஸ்ஸுன்னு சொல்லு, நான் வந்து நிக்கிறேன். வர மனசில்லேன்னா அதையும் சொல்லு. நானே அங்க வந்து மன்னிப்புக் கேக்குறேன்.

அம்மா