கை படாத பிரமிடு

அன்று உன் கணுக்கால் நடுங்கியதை நான் உன்னிடம் சொல்லவில்லை. இன்று டெல்லி மெட்ரோவில் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து வலித் தைலம் மணத்தது. பயிற்சி நாட்களில் நம் எல்லோர் மீதும் வீசிய மணம். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

நம் கல்லூரி சியர்லீடிங் அணியின் பிரமிடில் நீ உச்சியில் நிற்பவள். இருவர் உன் ஒற்றைக் காலை உள்ளங்கைகளில் தாங்குவார்கள். சரிந்தால் பிடிக்க, நான் பின்னால். நடுவர்கள் கடினத்தை அளக்கும் விதம் உனக்கு மனப்பாடம். தாங்கும் கைகள் குறையக் குறைய மதிப்பெண் கூடும், பின்னால் நிற்பவள் தொட்டால், அவளும் தாங்கியதாகக் கணக்கு, மதிப்பெண் இறங்கும். பயிற்சியில் என் விரல் பட்டால் மேலிருந்தே கத்துவாய்.

“நாலு பேர் தூக்கினா அது பிரமிடா ஏட்டி? பல்லக்கு!”

உன்னைத் தாங்கும் பஞ்சாபித் தோழி, “அச்சா மகாராணி, ஜல்தி உதர்!” என்று இறங்கச் சொல்லி முனகுவாள்.

முதல் பரிசோடு வந்தால்தான் இந்த ஆட்டம் தொடரும் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லி அவருக்கு முடியவில்லையாம், மகளின் குட்டைப் பாவாடைக்கு.

போட்டியில் நீ கைகளை விரித்தாய். அரங்கம் உன் முகத்தைப் பார்த்தது. நான் பார்த்த கணுக்கால் நடுங்கி, வெளிப்பக்கமாக மடியத் தொடங்கியது. பிடித்தேன். நீ சிரிப்பு மாறாமல் இறங்கினாய். நமக்கு இரண்டாமிடம்.

உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டே கேட்டாய்.

“ஏன் பிடிச்ச? நான் விழவே இல்லியே!”

“பயமா இருந்துச்சு.”

“பயம்னா வீட்ல இரு. எனக்கு ஏன் மார்க் போகணும்?”

உன் கால்தான் தோற்றது என்று அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாய். சரியான நேரத்தில் பிடித்த கைக்குச் சாட்சி கிடையாது.

அப்பாவிடம் கெஞ்சி இன்னும் ஒரு வருடம் வாங்கினாய். என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தி, எது நடந்தாலும் தொடக்கூடாது என்று பழக்கினாய். அடுத்த போட்டியை நான் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தேன். நீ ஒற்றைக் காலில் நின்று காட்டினாய். பிறகு கணுக்கால் மடிந்தது. அவள் கைகளை நீட்டியபடி, தொடாமல் நின்றாள்.

அந்தப் பிரமிடுக்குக் கடினத்தில் முழு மதிப்பெண் போட்டார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்த நீ, இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய்.