ஐஸ் வைத்த முழங்கால்

6 ஜூலை 1998, திங்கள்
தூறல். துணி காயவில்லை. பால்காரர் மறுபடி தாமதம், சொல்லியாகிவிட்டது.

பின்னறையில் கலைவாணி பயிற்சி. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். சரியாகவே செய்கிறாள். ஆபரேஷன் ஆன காலோடு விடுதியில் மூன்று மாடி ஏற முடியாதென்று வங்கியின் பாஸ்கெட்பால் டீம் அவளை இங்கே குடிவைத்து மாதங்கள் ஆகின்றன.

டீம் மேனேஜர் போன். "புதன்கிழமை டாக்டர் டேப் வெச்சு அளக்கறார் மேடம். ரெண்டு முழங்காலும் ஒரே அளவா இருந்தா டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். இந்த சீசன் ஆடினாத்தான் வேலை பெர்மனென்ட். ரூமும் காலியாயிடும், உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

சந்தோஷம் என்றேன்.

7 செவ்வாய்
வெயில். வாங்க வேண்டியது: சலவை சோப்பு, ரஸ்க், ஸ்டவ் திரி.

மாலை க. மைதானத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் பன் மாதிரி.

"குதிச்சியா?"
"சும்மா ரெண்டு ஷாட்தான் ஆன்ட்டி."

குதித்து வீங்கினால் உள்ளே இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். ஃபிசியோ பெண் என் எதிரில்தான் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல எல்லா ட்ரேவும் வேணும் ஆன்ட்டி. அளக்கறதுக்கு முன்னாடி ஐஸ் வெச்சா வீக்கம் அமுங்கிடும். எல்லாரும் செய்யறதுதான்."
"ஆட்டத்துல ஜவ்வு மறுபடி அறுந்தா?"
"வேலையே போச்சுன்னா இந்தக் காலை வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

ட்ரேக்களில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பிறகு இருவரும் டி.வி. செய்தி. வாசிப்பவரின் டை பற்றி ஏதோ கிண்டல் செய்தாள். சிரித்துவிட்டேன். போன வருடம் இந்த நேரத்தில் டி.வி.யைப் போட்டேனா என்றே நினைவில்லை.

8 புதன்
மேகமூட்டம். விடிந்ததிலிருந்து க. முழங்காலில் ஐஸ்.

வழக்கம்போல் நானும் கூடப் போனேன். ஆட்டோக்காரன் மீட்டர் போட நான் வேண்டும்.

டாக்டர் அளந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. "பர்வாயில்லம்மா, ஆடலாம்." மேனேஜர் எழுந்தே விட்டார்.

"டாக்டர், காலைலேர்ந்து ஐஸ் வெச்சிருந்தா. சாயங்காலம் இன்னொரு தரம் அளந்து பாருங்க" என்றேன்.

க. சுவரைப் பார்த்தாள். மாலைவரை அங்கேயே பெஞ்சில். நான் வாங்கிக் கொடுத்த காபி ஆறிப்போயிற்று. மறுபடி டேப். வீக்கம் தெரிந்தது. இந்த டோர்னமென்ட் கிடையாது.

"ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க டாக்டர்" என்றார் மேனேஜர்.
"முழங்கால் அட்ஜஸ்ட் பண்ணாதுப்பா."

ஆட்டோவில் திரும்பினோம். கேட்டருகில் சொன்னாள்: "நான் இங்கயே கெடக்கணும் உங்களுக்கு. அதானே ஆன்ட்டி?"

டாக்டரிடம் முழங்காலுக்காகத்தான் சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

9 வியாழன்
தலைவலி. பி.பி. மாத்திரை போட மறந்து, பகலில் போட்டேன்.

க. பையோடு வந்து நின்றாள். "ஸ்ரீராம்புரத்துல அத்தை வீட்டுக்குப் போறேன்." சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "வேணாம் ஆன்ட்டி." பையைப் பிடித்தேன், அவள் விடவில்லை. நொண்டியபடியே போனாள்.

அறையைப் பெருக்கினேன். துண்டை மறந்திருக்கிறாள். சுருட்டினது சுருட்டினபடி.

இரவு டி.வி. போடவில்லை.

10 வெள்ளி
மழை. பழக்கத்தில் எல்லா ட்ரேவும் நிரப்பியிருக்கிறேன். எனக்கு எதற்கு ஐஸ்? அத்தை வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்று முன்பொரு முறை சொல்லியிருக்கிறாள்.

அவர் இருந்தபோது வாங்கிய அகலவாய் ஃப்ளாஸ்க் பரணில் இருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஆறவைத்து, ஐஸ் நிரப்பினேன். துண்டையும் எடுத்துக்கொண்டேன். சாம்பல் நிறப் பட்டுப்புடவை, கையில் குடை. கேட்டில் ஆட்டோவை நிறுத்தினேன். மீட்டர் பற்றிப் பேசவில்லை.

"எங்க மேடம்?"
"ஸ்ரீராம்புரம்."
"ஸ்ரீராம்புரத்துல எங்க?"

இத்தனை மாதத்தில் நான் அவளிடம் கேட்டதே இல்லை.