சத்தம் வராத கட்டைகள்

ஜனவரி 11, சனி

பியானோ வகுப்பில் இன்று கச்சேரிக்காக ஜோடி பிரித்தார்கள். ஒரே பியானோவில் இரண்டு பேர், நாலு கை. சின்னவர்களையும் பெரியவர்களையும் கலந்துவிடுவது டீச்சரின் வழக்கம். எனக்கு வாய்த்தது எட்டு வயது வாயாடி. அவள் கால் பெடலுக்கு எட்டாது, அதனால் பெடல் மிதிப்பவர் உட்காரும் இடது பக்கம் நான். பாட்டு அவள் கையில். அடியிலிருந்து தாங்கும் வேலை மட்டும் எனக்கு. நிம்மதி. யாரும் கவனிக்காத பக்கம்.

ஜனவரி 13, திங்கள்

மீட்டிங்கில் நான் சொன்ன யோசனையையே பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். மேனேஜர் அவரைப் பாராட்டினார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டம் சுவரில் தொங்குகிறது. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சிலேயே இருக்கிறது.

ஜனவரி 18, சனி

அவமானம். முதல்முறையாகச் சேர்ந்து வாசித்தோம். கட்டைகள் இறங்குகின்றன, சத்தம் வரவில்லை. பத்தில் நாலு ஊமை. பியானோ பழுதென்றுதான் நினைத்தேன். டீச்சர் அதே கட்டைகளை அழுத்திக் காட்டினார், கணீரென்றது. உள்ளே இருக்கும் சுத்தியல் போய்க் கம்பியில் விழுமளவுக்காவது அழுத்த வேண்டுமாம்.

"அக்கா, நீங்க வாசிக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?" என்றாள் வாயாடி.

காரணம் தெரியாமலில்லை. அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை. விடிந்ததும் வந்து படுப்பார். வீட்டில் இருப்பது ஒரே அறை. நான் ஒன்றாம் வகுப்பு படித்த காலத்திலிருந்தே பகலில் எங்கள் வீட்டில் பூனை நடைதான். தும்மல் வந்தால்கூட மாடிப்படிக்கு ஓட வேண்டும். என் பழைய கீபோர்டில் விரல் பட்டாலே போதும், ஹெட்போனுக்குள் முழங்கும். கட்டை தட்டுகிற டக் டக் கூட வெளியே கேட்டுவிடக் கூடாதென்று, விரலை வைப்பது தெரியாமல் வைக்கப் பழகியிருக்கிறேன். சாயங்காலம் வாசிக்கலாம்தான். பஸ் நெரிசலில் நசுங்கி வந்த பிறகு உட்காரத் தெம்பு ஏது?

ஜனவரி 25, சனி

இன்றும் அதே கதை. அடுத்த மாதக் கச்சேரிக்கு என் இடத்தில் தானே உட்காரலாமா என்று டீச்சர் மென்மையாகக் கேட்டார். இரண்டு வாரம் அவகாசம் தந்திருக்கிறார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன்?

எனக்கு அந்த இடம் வேண்டும். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் வேண்டும்.

வகுப்பில் கூடப் படிக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என்னைத் தேற்றினார். சேர்ந்த புதிதில் அவருக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட வராதாம், விரல் அவ்வளவு இறுக்கம். இப்போது தானே போட்டுக்கொள்கிறார். "வயசு அறுபத்தெட்டும்மா, இப்பதான் செகண்ட் கியர்ல போறேன்" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இதை எப்படி எழுத?

காலையில் ஹெட்போன் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா படுக்கை விரித்தபடி, "என்ன, ஊமைப் படம் ஓட்டுறியா? எனக்கும் கேக்குற மாதிரி வாசியேன்" என்றார். உங்கள் தூக்கம் கெடுமே என்றேன். சிரித்துவிட்டார்.

"என் தூக்கமா? தலைமாட்டுல லாரி மோதினாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "வேலைல சேர்ந்தப்ப தூக்கம் வரலைன்னு தவிச்சீங்களே."

"அது மொத மாசம்டி."

"அப்ப சரியாயிடுச்சுன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு பேரும் இயல்பாவே அமைதின்னு நினைச்சேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள். எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம்! யாருக்காக இப்படிக் கிசுகிசுத்தோம்?

ஹெட்போனைக் கழற்றினேன். அப்பா படுத்தார். நான் வாசித்தேன். குறட்டை தாளம் தப்பாமல் வந்தது. அம்மாதான் ஒவ்வொரு அடிக்கும் தோளைக் குறுக்கினாள்.

பிப்ரவரி 5, புதன்

விரலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. பத்தில் ஒன்பது தடவை பழைய பயம்தான்.

பிப்ரவரி 8, சனி

எல்லாம் கேட்டது. கொஞ்சம் முரட்டுத்தனமாக, ஆனால் கேட்டது. இடம் எனக்கே. "இப்ப என் காதே வலிக்குது" என்றாள் வாயாடி. இதைவிடப் பாராட்டு வேண்டுமா?

பிப்ரவரி 22, சனி

கச்சேரி. நடுவில் வாயாடி ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டாள். குதித்தது தெரிந்ததும் உதடு பிதுங்கிவிட்டது. அத்தனை பேர் எதிரில், "நில்லு. நான் வாசிச்சிட்டே இருக்கேன். ரெண்டு, மூணு, இப்ப வா" என்று ஒரு குரல். கடைசி வரிசைவரை கேட்டதாம். அது என் குரல். வந்து சேர்ந்துகொண்டாள். முடிக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் இருந்தோம்.

அம்மா கைதட்டவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

மீட்டிங். பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பித்தார். "அது நான் சொன்னது, நானே முடிச்சிடறேன்" என்றேன். முடித்தேன். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

மார்ச் 15, சனி

வகுப்பு முடிந்து மதியம் வந்தேன். மாடிப்படியிலேயே கேட்டது, ஒற்றை விரலில் தட்டுத் தடுமாறி ஏறும் ஸ்வரங்கள். நான் கதவை எட்டுமுன் கீழ்வீட்டுக்காரர் கலைந்த தலையோடு அங்கே நின்றிருந்தார். சத்தம் தாங்க முடியவில்லையாம், இப்போதுதான் கண் அசந்தாராம்.

அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே அப்பாவின் குறட்டை.

"பட்டப்பகல்ல யாராவது தூங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு, திரும்பப் போய்க் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள்.