கடலுக்குப் போட்ட சிப்பி வேலி

ஆகஸ்ட் 9

சலூம் கழிமுகத்தின் சகல நீர்வழிகளுக்கும் அதிபதியும், இருமுகிற மோட்டார் வைத்த ஒற்றைப் படகின் உரிமையாளனுமாகிய லாத்தீர் தியோர் என்னும் நான், இன்று தங்கை சிகாவின் வீட்டில் உணவருந்தினேன். மீன் சோறு. நான் தின்ற அளவுக்கு மூன்று கிராமங்கள் பசியாறியிருக்கும்.

கை கழுவப் பின்பக்கம் போனால், கரையைக் காணோம்! போன வாரம் நான் நின்று பல் குத்திய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. சமையலறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஆடு படுக்கலாம். அதுவும் ஒடுங்கிப் படுக்கிற சுபாவமுள்ள ஆடாக இருக்க வேண்டும்.

"என்ன சிகா, கடல் உள்ளயே வந்துருச்சு?"

"வரட்டும்ணே. உன்னை மாதிரி அதுக்கும் பசி போல."

மழைக்காலம் முடிவதற்குள் வீட்டைப் பிரித்துக்கொண்டு தீவின் நடுப்பகுதிக்குப் போய்விடு என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டாராம். அங்கே காற்றே வராது. மீன் உலர்த்திப் பிழைக்கிறவளுக்குக் காற்றில்லாத இடத்தில் என்ன வேலை? புருஷன் போன பிறகு அந்த முற்றம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

நான் உயிரோடு இருக்கும்போது என் தங்கை வீட்டைத் தின்ன வருகிறதா இந்தக் கடல்? பார்த்துவிடலாம்.

ஆகஸ்ட் 17

வேரால் கரைச் சேற்றைப் பிடித்து நிறுத்துகிற கண்டல் மரம் நடும் விழா. மேல்கரை ஓர் அணி, கீழ்கரை ஓர் அணி. மேளம் அடித்துக்கொண்டு, வற்றின தண்ணீரில் யார் அதிகத் தொலைவு போய் நடுகிறார்களோ அவர்களுக்கே பெருமை. கீழ்கரைத் தளபதி நான்தான், வேறு யார்? மற்றவர்கள் முழங்காலோடு நின்றுகொள்ள, நான் இடுப்பளவில் இறங்கி முளை ஊன்றினேன். கடலுக்கே எல்லைக்கல் நட்டாயிற்று.

கரையிலிருந்து சிகா கத்தினாள்: "அண்ணே, அப்படியே நட, அந்தக் கரையில பிரேசில் வந்துரும்!"

பொறாமை.

ஆகஸ்ட் 30

போச்சு. ஒரு முளைகூட மிச்சமில்லை.

செப்டம்பர் 2

நான் நட்ட முளைகளெல்லாம் படகுத்துறையில் மிதந்தபடி என்னை வரவேற்கின்றன. மேல்கரைக்காரர்கள் அதில் ஒன்றை எடுத்து, "தளபதி, உங்க எல்லைக்கல்லு" என்று கையில் கொடுக்கிறார்கள். சிரிச்சுக்கோங்கடா. என் தங்கச்சி வீட்டுச் சுவர்ல ஈரம் ஏறிருச்சு, எவனுக்காவது தெரியுமா? ஆடு படுக்கிற இடத்தில் இப்போது கோழிதான் படுக்கலாம்.

செப்டம்பர் 20

அன்சு பாஜி வந்திருக்கிறான். தெற்கே கசமான்ஸில் கரை காக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறவன், ஊர்த்தலைவர் வரவழைத்தார். ஜோலா இனத்து ஆள். ஆகவே என் அடிமை. அவன் கணக்கில் நான் அவன் அடிமை. செரேர் இனத்து நாங்களும் ஜோலாக்களும் ஒருவரையொருவர் இப்படி அழைக்காமல் வணக்கம் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம், பறிக்கலாம். கோபப்பட மட்டும் கூடாது.

"எவன்டா அது, அனுமதி இல்லாம என் தீவுல கால் வச்ச அடிமை?"

"எஜமான் வந்திருக்கேன். எந்திரிச்சு நில்லுய்யா. எனக்குச் சோறு எங்க?"

சாப்பிட்டுவிட்டுக் கரையைப் பார்த்தான். "அவ்வளவு தூரத்துல நட்டது எந்த மகான்?" சிகா விரலை என் பக்கம் நீட்டினாள்.

"பால் குடிக்கிற பிள்ளையைப் போருக்கு அனுப்பியிருக்கியேய்யா" என்றான் அன்சு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். முதலில் அலையின் வேகத்தைக் கொல்ல வேண்டும். சிப்பி ஓட்டைப் பழைய வலைகளில் மூட்டை கட்டி, கரைக்குக் கொஞ்சம் முன்னால் தாழ்வாக வரிசை போட வேண்டும். உடைந்த அலை உள்ளே வந்து சேற்றை இறக்கிவிட்டுப் போகும். அந்தச் சேற்றில்தான் கண்டல்.

"பேசாம கல்லுச்சுவர் கட்டிருவோமே?"

"சுவர்ல மோதுற அலை சும்மா திரும்பாது. அடிமண்ணை அள்ளிக்கிட்டுப் போகும். பக்கத்து வீட்டையும் சேர்த்து."

யோசித்துப் பார்த்தேன். நானும் கிட்டத்தட்ட இதையேதான் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 5

அவ்வளவு ஓடு இருக்கிற ஒரே இடம் தேனிங் அக்கா வீடு. சிப்பி எடுக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. அவள் வீட்டுக் குவியலின் உச்சியில் மேகம் தட்டி மழை பெய்வதாகக் கேள்வி. முன்னோர் படுத்திருக்கிற பழைய ஓட்டுமேடுகளை யாரும் தொடமாட்டோம், கேட்கவே கூடாது. எனவே அக்காவிடமே தூது போனேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த சொற்பொழிவை நிகழ்த்தினேன்.

"லாத்தீர், தண்ணி கேளு தரேன். ஓடு கிடையாது. எங்க பொண்ணுங்க கொட்டகைக்குத் தரை போட வச்சிருக்கேன். அவளுங்க வருஷக்கணக்கா சேத்துல உக்காந்து சிப்பி உடைக்கிறாளுங்க."

தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்! நியாயமாகப் பேசுகிறவர்களிடம் வாதாடுவது எவ்வளவு கஷ்டம்.

அக்டோபர் 19

தேனிங் அக்காவின் பேரனுக்குப் பெயர் சூட்டும் விருந்து. அக்கா நீலச் சரிகைத் துணியில் கவர்னர் மாதிரி நின்றிருந்தாள். ஆட்டுக்கறி வருகிற சமயம் பார்த்து அன்சு ஓட்டுக் குவியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இந்த வீட்டு அடிமைகளெல்லாம் கேளுங்க! பிள்ளை பிறந்ததுல எஜமானுக்குப் பங்கு வந்து சேரல. அதனால இந்த மலையை எடுத்துக்கிட்டேன்!"

முற்றமே சிரித்தது. அக்காவின் முகம் சிவந்தது. ஆனால் என்ன செய்ய முடியும்? சுற்றி இத்தனை பேர், எதிரே ஜோலா. கோபத்தைச் சூடான கறித்துண்டு போல வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இறங்குடா, அரிசித் திருடா!"

"திருட அரிசி எங்க இருக்கு? ஓடுதானே இருக்கு."

கறித்துண்டு கொடுத்தாள். தின்றான். இறங்கவில்லை. இன்னொன்று கொடுத்தாள். அதையும் தின்றான். மேளக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அக்கா குவியலின் அருகே போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"விளையாட்டை விடு. இதைப் போட்டா சிகா வீடு நிக்குமா?"

அன்சு இறங்கி வந்தான். "நிக்கும்க்கா. முதல் வருஷம் கொஞ்சம் உதை வாங்கும். அப்புறம் அந்த ஓட்டு மேலயே புதுச் சிப்பி ஒட்டும். உங்க பொண்ணுங்க அங்கயே எடுக்கலாம்."

"ஒட்டலேன்னா உன்னையே அந்த வரிசையில மூட்டை கட்டிப் போட்டுருவேன்."

"எஜமானைக் கட்டுற அடிமையை இப்பத்தான் பாக்குறேன்."

பந்தல் சரிகிற அளவுக்குச் சிரிப்பு. எட்டிப் பார்த்தேன், சிகா சிரிக்கவில்லை. முகத்தைத் தோள்துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 2

என் கப்பற்படை இன்று ஓடு சுமந்தது. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கொசு நுழைய இடமில்லை. பெண்கள் மூட்டை கட்டினார்கள், நாங்கள் இறக்கினோம். வரிசையில் அங்கங்கே வாசல் விட்டிருக்கிறான் அன்சு. ஏன் என்றால், மீன் போய்வர வேண்டுமாம், தண்ணீர் வடிய வேண்டுமாம். அதில் ஒரு வாசலில் நான் விழுந்தேன். வேண்டுமென்றேதான், ஆழம் பார்க்க.

நவம்பர் 3

முதுகு.

ஜனவரி 14

வடக்கிலிருந்து பெரிய அலை. காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. யானை உயரம் என்று எழுத ஆசை. ஆள் உயரம் நிச்சயம் இருந்தது. தலைவர் ஆள் அனுப்பினார்: சாமான்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லு. சிகா அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

"நிக்கும்னு அன்சு சொன்னாருல்ல. நிக்கட்டும், பாப்போம்."

சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வோர் அலையும் தூரத்தில் சிங்கம் போலக் கிளம்பி, ஓட்டு வரிசையில் இடறி விழுந்து, களைத்த கழுதையாக உள்ளே வந்தது. ஆனால் மதியம் இரண்டு மூட்டை பிய்ந்தது. அந்த வழியாகத் தண்ணீர் நேரே சமையலறைக்கு வந்தது. ஐயோ, போகுதே, போகுதே... நான் குதிப்பதற்குள் எனக்கு முன்னால் ஓர் ஆள் இடுப்புத் துணியைச் செருகிக்கொண்டு குதித்துவிட்டது. தேனிங் அக்கா.

"பாத்துக்கிட்டே நிக்கிற? பிடிடா மறுமுனையை! என் ஓடுடா அது!"

கட்டினோம். உப்புத் தண்ணீர் குடித்தோம். சுவர் நின்றது.

மே 6

வரிசைக்குள்ளே சேறு ஏறுகிறது. நண்டு வளை தோண்டியிருக்கிறது. ஓட்டில் நகம் அளவுக்குப் புதுச் சிப்பிகள். அக்கா குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்துவிட்டு, அன்சுவைப் பார்த்து, "ம்" என்றாள். கொட்டகைத் தரைக்கு இனி ஓடு சேர்க்க வேண்டும். என் படகு வாடகையில்லாமல் ஓடும் என்று அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் டீசல் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 22

கண்டல் நட்டோம். வரிசைக்கு உள்ளே, கணுக்கால் சேற்றில். இந்தத் தடவை போட்டியும் இல்லை, மேளமும் இல்லை.

"பிரேசிலுக்குப் போகலியா தளபதி?" என்றான் அன்சு.

"அவங்க இங்க வரட்டும்" என்றேன்.

டிசம்பர் 1

கண்டல் முழங்கால் உயரம். இலை இலையாக நிற்கிறது. நான் போகும்போது சிகா வீட்டுக்குப் பின்னால் கம்புகளைக் குவித்து வைத்திருந்தாள். மீன் உலர்த்த இன்னொரு பந்தல் போடப் போகிறாளாம், பழையது போதவில்லை. சாப்பாடு அப்புறம், முதலில் கம்பைப் பிடி என்றாள். சுவரை ஒட்டிப் பிடித்தேன்.

"அங்க இல்லண்ணே. இன்னும் தள்ளி. கடல் பக்கமா."