அட்லஸில் நாக்பூர் வரை

அன்புள்ள அண்ணா,

நீ சைக்கிளில் ஜான்சி போய்ச் சேரும்போது, இந்தக் கடிதம் அங்கே தபால் நிலையத்தில் உனக்காகக் காத்திருக்கும்.

நீ காஷ்மீருக்குக் கிளம்பிய அன்று கோபத்தில் வாசலுக்குக்கூட வராத டாடி, இப்போது என் அட்லஸைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். நேற்று அதைக் கட்டிலில் விரித்ததற்கு நர்ஸ் என்னைத் திட்டினார்.

"விடுங்க சிஸ்டர், எம்புள்ள எங்க போறான்னு பாத்துக்கறேன்" என்றார் டாடி. ஜான்சியில் வைத்த விரலை மெல்ல நம் பெங்களூர் நோக்கி இழுத்தார். நாக்பூரிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணனுக்கு ஒண்ணும் எழுதாதடி, பாதியில திரும்பிடுவான்" என்று மம்மி சொல்லியிருக்கிறார். அதனால் நான் ஒன்றும் எழுதவில்லை.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விசாரித்தேன். சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொள்வார்களாம்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
தங்கை