விசாரிக்க வந்தவர்

கொழிஞ்சாம்பாறை
9 டிசம்பர் 2025

கண்ணு மௌனிகாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உங்கம்மாவும் எருமைகளும் சௌக்கியம். இதில் பயமில்லாமல் இருப்பது எருமைகள் மட்டும்தான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவள் எதிரில் நான் அமெரிக்கா என்று சொன்னால், அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம் ஐதராபாத்தில் உனக்கே கேட்கும்.

சமூகவியலில் பிஎச்டி படிக்க ஏழெட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போடுகிறாய் என்றாய். உன் டீச்சர்கள் மூன்று பேர் உன்னைப் பற்றி ரகசியமாகக் கடிதம் அனுப்புவார்கள், அதை நீ பார்க்கவே கூடாது என்றும் சொன்னாய். பத்தாம் வகுப்பை ஆசைப்பட்டு இரண்டு தடவை படித்த எனக்கு உன் படிப்பில் இது ஒன்றுதான் உடனே விளங்கியது. பொண்ணுக்குத் தெரியாமல் பொண்ணைப் பற்றி விசாரிக்கிறார்கள். நம் பக்கத்தில் நடக்கிறதுதானே.

அதனால் நானும் இங்கே சும்மா இருக்கவில்லை. வெறும் பாஸ்போர்ட்டுக்கே போலீஸ்காரர் வந்து அக்கம்பக்கம் கேட்டுவிட்டுப் போனார். ஐந்து வருசம் சோறு போட்டுப் படிக்க வைக்கிறவன் ஆள் அனுப்பாமலா இருப்பான்? நம் தீவனக் கடைக்கு எதிரில் பேக்கரி ஜோமோனிடமும், பக்கத்து வீட்டு மாரித்தாயிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எதையும் அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கிற பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. பூபதி மாமா வந்திருந்தார். "மாப்ள, சித்திரைக்குள்ள சீட்டு வந்தா புள்ள போகட்டும். இல்லீன்னா பொறவு நான் பாக்கற எடத்துக்குக் குடுத்தரோணும்" என்றார். உங்கம்மா என்னையே பார்த்தாள். "சேரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டேன். தீவனக் கடையில் கடன் கேட்கிறவனிடம்கூட இல்லை என்று சொல்ல வராத வாய் இது. வேறு எப்படிச் சொல்லும்?

சளிக்குப் பாலில் மிளகு போட்டுக் குடி.

உன் அப்பா
ஈஸ்வரமூர்த்தி


ஐதராபாத்
29 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நான் இருந்த பழைய விடுதிக்குப் போய்ச் சுற்றி இப்போதுதான் கைக்கு வந்தது. படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டேன். யாரும் வர மாட்டார்கள் அப்பா! எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஜோமோன் சேட்டனிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் எல்லாம் அனுப்பியாயிற்று. மூன்றாவது டீச்சர் கடிதம் போடக் கடைசி நாள் சாயங்காலம் வரை என் உயிரை வாங்கிவிட்டார். காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் கயிறு கம்பெனிக்குப் போகிற நம் ஊர் அக்காக்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்று எழுதியிருக்கிறேன். இதைப் படித்து யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இருக்கிறது. மெயில் வந்த சத்தம் கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

மாமாவிடம் சரி என்று என்னைக் கேட்காமலா சொன்னீர்கள்? கோபமில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மௌனி


கொழிஞ்சாம்பாறை
6 ஜனவரி 2026

கண்ணு மௌனிகாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. விசாரிக்கிறவர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை பேக்கரி வாசலில் ஒருவர் புல்லட்டை நிறுத்தினார். சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, தோளில் ஒரு பை. "எதுத்தாப்புல தீவனக் கடைக்காரர் பொண்ணு எப்படிங்க?" என்றாராம். ஜோமோன் பரீட்சைக்குப் படித்த பையன் மாதிரி ஒப்பித்திருக்கிறான்: "சாரே, அந்தக் குட்டி ஆரு சொன்னாலும் நம்பாது கேட்டோ. ஏன், எதுக்குன்னு கேட்டு நம்மள விடாது. கல்யாணம்னு ஒரு சிந்தையே இல்ல. வெளிநாட்டுல போய்ப் படிக்கணும், அது மாத்திரம்தான்."

அதோடு விட்டானா? ஆளைக் கடைக்கே கூட்டி வந்து என் முன்னால் உட்கார வைத்துவிட்டான். எனக்கு வேர்த்துக் கொட்டியது. டீ வரவழைத்துக் கொடுத்து, "எங்கிருந்துங்க வர்றீங்க?" என்றேன். "பொள்ளாச்சிங்க." சரி, அமெரிக்காக்காரன் பொள்ளாச்சியில் ஆள் வைத்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். "ஊட்டு வேலையெல்லாம் பழகியிருக்குதுங்களா?" என்று கேட்டார். வீட்டு வேலை தெரிந்தால் படிப்பில் கவனம் குறையும் என்று பார்க்கிறார்களாக்கும் என்று, "அதொண்ணும் தெரியாதுங்க. அது ரசம் வெச்சா எருமைகூட மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க. படிப்பு ஒண்ணுதானுங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன் கண்ணு. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் மாமா வந்து நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். "பெத்த அப்பனே இப்படிப் பேசுவீங்களா மாப்ள? அவரு பையனோட சித்தப்பாங்க!" சித்திரை வரை பொறுக்காமல் இப்போதே இடம் பார்த்திருக்கிறார். உங்கம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது, அதுவும் சத்தத்தோடு.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு படுத்தால் வேறு மாதிரி இருக்கிறது. இந்தப் பேச்சு பொள்ளாச்சி தாண்டி உடுமலை வரைக்கும் போயிருக்கும். சீட்டும் வராமல், நல்ல இடமும் வராமல், உன்னை நடுவில் நிறுத்திவிட்டேனோ? உனக்கு வேலியாக இருக்க வேண்டியவன் நான். மேய்ந்துவிட்டுப் போ என்று நானே படலைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிட்டதா? நீ சொல். உன் வாயால் திட்டினால்கூடக் கொஞ்சம் தெளியும்.

அப்பா


ஐதராபாத்
3 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களைத் திட்டும் தெம்பு இல்லை. ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று வந்துவிட்டது. இந்த வருசம் பல இடங்களில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். ஒரே ஒரு இடம் மட்டும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. முன்னால் இருக்கிறவர் யாராவது விலகினால்தான் எனக்கு. ஏப்ரல் பாதி வரை தெரியாது. கிடைத்தாலும் விசா வருமா என்பது அதற்கு அப்புறம்.

அம்மா போன் செய்தார்கள். அந்தப் பொள்ளாச்சிக்காரர்கள் போட்டோவைப் பார்த்து மனசு மாறி, 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார்களாமே. இன்னொரு வருசம் இதே மாதிரி மெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது அப்பா. கூடப் படித்தவர்கள் எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. சம்மதம் என்று சொல்லிவிடுங்கள்.

மௌனி


கொழிஞ்சாம்பாறை
16 மார்ச் 2026

என் கண்ணு மௌனிக்கு,

நேற்று அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா, அந்தச் சித்தப்பா, கூட மாமா. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சம்மதம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உப்புச் சர்க்கரைக்கு நாள் பார்த்துவிடலாம் என்று மாமா ஆரம்பித்தார். அதை மாற்றிக்கொண்டால் சம்பந்தம் முடிவான மாதிரிதான், உனக்குத் தெரியும். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "புள்ள கொஞ்சம் எதுத்துக் கேள்வி கேக்கும்னாங்க. அதுக்கென்னுங்க, கழுத்துல ஒண்ணு ஏறீட்டா அடங்கீரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. திறந்த வாயை மூடவும் தெரியவில்லை. அதிலிருந்து வேறு என்னவோ வந்துவிட்டது.

"இந்த வருசம் சீட்டு வரலீன்னா அடுத்த வருசமும் எழுதிப் போடுமுங்க. எம் புள்ள அடங்கறதுக்குப் படிக்கலீங்க."

மாமா, "மாப்ள, குடுத்த வாக்கு?" என்றார். "தப்புத்தானுங்க மச்சான்" என்றேன். அவர்கள் எழுந்துவிட்டார்கள். மாமா காரில் ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. இனி நம் வாசலை மிதிப்பாரா தெரியாது. உங்கம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "அடக்கறதுக்கா பெத்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவர்களைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ எழுதியதை மீறிவிட்டேன். அவர்கள் போன பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் தூக்கம் வராதது இருக்கிறது, கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள், மெயில் இருக்கிறது. அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் பேரைக்கூட நீ கேட்கவில்லை. பயத்தில் எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு, நான் எழுதுவதெல்லாம் அதுதான். ஒருவேளை நான் தப்பாகப் படித்திருந்தால் எழுது. பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய்க் காலில் விழுந்தாவது பேசிவிட்டு வருகிறேன்.

கார் போகும்வரை பயமாக இருந்தது. போன பிறகு இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒன்றும் வராமல் போய், உனக்கு முப்பதாகி, ஏன்பா அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாயோ என்று இருக்கிறது. பயப்படாதே என்று எழுதி முடிக்கலாம் என்று பார்த்தேன். எந்த மூஞ்சியோடு எழுதுவது? நீ பாட்டுக்குப் பயந்துகொள். நானும் இங்கே பயந்துகொண்டுதான் இருப்பேன். அடுத்த வருசம் எந்தெந்த ஊருக்குப் போட வேண்டும் என்று மட்டும் இப்போதே பார்த்து வை.

உன் அப்பா
ஈஸ்வரமூர்த்தி