நாலு வயது முதல் பத்து வயது வரை

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி பீப்பிக்கு,

முதலில் என் மானம் போன கதையைக் கேள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

நீ அனுப்பிய தபால் நேற்று ஓட்டல் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டது. பிரித்தால், உங்கள் சிம்பொனி இசைக்குழு இந்த வருஷம் நடத்தப்போகும் கச்சேரிகளின் புத்தகம், வழவழவென்று. உள்ளே உன் படம். கிளாரினெட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறாய். தொடக்க நாளில் நீ முன்னால் வந்து நின்று தனியாக வாசிக்கப்போகிறாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு டிக்கெட். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், பொடி எழுத்தை யார் பார்த்தது? “தொடக்க நாளுக்கு என் தம்பி கூப்பிட்டிருக்கான், பாருங்க!” என்று சலவைக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். மேற்பார்வையாளரிடம் லீவும் கேட்டாயிற்று.

அப்போதுதான் கேஷியரம்மா வந்து டிக்கெட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். “குட்டிச் செல்லங்களுக்கான ஞாயிறு காலை இசை. நாலு வயது முதல் பத்து வயது வரை. பொம்மைகளைக் கொண்டுவரலாம். எப்போது வேண்டுமானாலும் கைதட்டலாம்.” படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வயசுக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் வளர்ந்துட்டீங்க” என்றாள். இஸ்திரி மெஷின்காரி சிரித்த சிரிப்பில் ஒரு படுக்கை விரிப்பு தீய்ந்தது. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவள் நான். என்னையே வைத்துச் சிரித்தார்கள்.

போன வருஷம் கடைசிக் கச்சேரியில் நடுவில் கைதட்டினேனே, அதற்குத்தானே இது? நீங்கள் வாசிப்பதை நிறுத்தினீர்கள். முடிந்தது என்று தட்டினேன். இன்னும் பாக்கி இருக்கிறது என்று யாராவது பலகையா மாட்டியிருந்தார்கள்? “அவன்தான் என் தம்பி!” என்று பக்கத்தில் சொன்னது கொஞ்சம் உரக்கப் போய்விட்டது. முன்னால் நின்று கோலை ஆட்டுகிறாரே, அந்தக் கோல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதற்காக எனக்குப் பொம்மை டிக்கெட்டா?

பதில் கடிதமாகவே எழுது. போன் வேண்டாம். போனில் “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுவாய்.

கோபத்துடன்,
அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் நலம். உன்னை அவமானப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஞாயிறு கச்சேரியிலும் நான் வாசிக்கிறேன். ஆடு கத்துவதுபோல ஒரு இடம் வரும். கேட்டுச் சிரிப்பாய் என்று நினைத்தேன்.

தொடக்க நாள் விஷயம் வேறு. அன்று நான் வாசிப்பது மூன்று பாகங்கள் கொண்டது. முதல் பாகம் பெரிய ஆரவாரத்தோடு முடியும். அதன் பிறகு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்துதான் இரண்டாம் பாகத்தின் முதல் சுரத்தை நான் எழுப்ப வேண்டும், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெல்ல. அந்த இடத்தில் ஒரு கைதட்டல் விழுந்தால் எல்லாம் போயிற்று.

போன வருஷத்திலிருந்து குழுவில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? ‘அவன்தான்.’ நான் ஒத்திகைக்கு நுழைந்தால், “அவன்தான் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்” என்கிறார் டிரம் வாசிப்பவர். நீ சொல்லும் கோல்காரரும் சேர்ந்து சிரிக்கிறார். இத்தனை வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்தவனை இப்போதுதான் முதல் தடவையாக முன்னால் நிறுத்துகிறார்கள். இதில் சறுக்கினால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. புரிந்துகொள்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 22

தம்பித் துரைக்கு,

துரைக்கு அமைதி வேண்டுமாம். கொடுத்துவைத்தவன். ஒற்றை அறையில் நாம் இருந்தபோது எனக்கு யாரப்பா அமைதி கொடுத்தது? ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து நான் படுப்பேன். நீ கால்மாட்டில் உட்கார்ந்து பீப்பீ, பீப்பீ. தலையணையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கினேனே, ஒரு நாளாவது நிறுத்து என்று சொன்னேனா? “என்னம்மா, உங்க வீட்டு எருமைக்கு வயித்துவலியா?” என்று மேல்வீட்டுக்காரர் கேட்டபோது படியேறிப் போய் அவரை ஒரு கை பார்த்தது யார்? அடுத்த வாரமே அவர் வீடு மாறினார். என் தூக்கத்தை எடுத்துக்கொண்டாய், போகட்டும். இப்போது கையையும் கட்டிப்போடுகிறாய்.

இதையும் கேட்டுக்கொள். போன வருஷம் முன்வரிசையில் ஒரு பெரிய மனுஷர் குறட்டை விட்டார். உங்கள் வயலின்களைவிடச் சுருதி சுத்தம். அவருக்கும் பொம்மை டிக்கெட் போயிருக்கிறதா? போயிருக்காது. பணம் கொடுத்தவர் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அவருக்கு நன்றி போட்டிருப்பீர்கள். அப்படியானால் கைதட்டினது தப்பா, தட்டினது நான் என்பது தப்பா?

எனக்கு நெஞ்சு எரிவது எதற்குத் தெரியுமா? “அக்கா, நடுவுல நிறுத்துவோம், அப்ப மட்டும் தட்டாதே” என்று ஒரு வார்த்தை. அது போதுமே. ஐம்பத்து மூன்று வயதில் அதுகூடவா எனக்கு மண்டையில் ஏறாது? நீ சொல்லிப் பார்க்கவே இல்லை. இவளுக்குச் சொன்னாலும் விளங்காது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய்.

டிக்கெட்டைக் கேஷியரம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஆடு நன்றாகக் கத்தட்டும்.

அக்கா


செப்டம்பர் 1

அக்காவுக்கு,

சொல்லிப் பார்க்கவில்லை என்கிறாய். சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பரிசளிப்பில் கத்தாதே என்றேன். கத்தவில்லை, விசில் அடித்தாய். என் கல்யாணத்தில் எருமைக் கதையை எடுக்காதே என்று கையைப் பிடித்துக் கேட்டேன். என் மாமனாருக்கு நடித்தே காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சிரிக்காவிட்டால், “ஐயாவுக்குக் கோபத்தப் பாரு” என்று அதற்கும் ஒரு கதை கட்டுவாய்.

நீ தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியும். கிளாரினெட்டை வாயில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வருகிறது. அதற்காக, சாகும்வரை உன் கதையில் வரும் எருமையாகவே நான் நிற்க வேண்டுமா? ஒரே ஒரு சாயங்காலம் கேட்கிறேன். உன் சத்தம் இல்லாமல், எனக்கே எனக்கென்று. அதைக்கூடக் கேட்கக் கூடாதா?

தொடக்க நாள் டிக்கெட் ஒன்று என் மேசையில் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன். நீ கேட்க மாட்டாய்.

தம்பி


செப்டம்பர் 5

தம்பிக்கு,

கேட்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 28

தம்பிக்கு,

நேற்றுத் தொடக்க நாளுக்கு வந்திருந்தேன். உன் மேசையில் இருக்கும் டிக்கெட்டில் இல்லை, அதை நீயே வைத்துக்கொள். புத்தகத்தில் இருக்கும் எல்லாக் கச்சேரிக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். மேல்மாடி, கடைசி வரிசை. டிக்கெட் கொடுத்த பெண், “குழுவுல யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களாம்மா? இருந்தா சலுகை உண்டு” என்றாள். “யாரும் இல்லம்மா” என்றேன். முழு விலைக்குக் கொடுத்தாள்.

அங்கிருந்து பார்த்தால் நீங்கள் எல்லாரும் எறும்பு. ஆனால் முன்னால் வந்து நின்ற எறும்பு உடம்பெல்லாம் விறைத்துப்போய் நின்றது தெரிந்தது. முதல் பாகம் நீ சொன்ன மாதிரியே தடபுடலாக முடிந்தது. அப்புறம் அமைதி. என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ‘ஆகா’ என்று இரண்டு கையையும் தூக்கினாள். அவை சேர்வதற்குள் பிடித்து அவள் மடியிலேயே அழுத்திவிட்டேன். யார் பெற்ற பெண்ணோ, மிரண்டுபோய்ப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கடித்துவிடுவேன் என்பதுபோல் நானும் பார்த்தேன். நீ தொடங்கிய பிறகுதான் விட்டேன்.

அந்தச் சுரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நீ மூச்சை இழுத்ததும் தெரிந்தது. தலையணைக்கு அடியிலிருந்தே தெரிந்துகொண்டவளுக்கு மேல்மாடி ஒரு தூரமா? நன்றாகத்தான் வாசித்தாய். வாயாரச் சொல்ல மாட்டேன், எழுதத்தான் செய்வேன்.

முடிந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு தட்டினாள். நான் எழுந்திருக்கவில்லை. தட்டவும் இல்லை. என் சத்தம் இல்லாத ஒரு சாயங்காலம் கேட்டாய், கொடுத்தாயிற்று. அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அது சூடு ஆறாமல் அப்படியே இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் இன்னொன்றும் முடிவு செய்தேன். எருமைக் கதையை இனி எடுக்க மாட்டேன். உன் மாமனாரே காலில் விழுந்து கேட்டாலும் கிடையாது. கையைப் பிடித்து நீ கேட்டபோதே விட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. பொம்மை டிக்கெட் உன் தப்பு. இரண்டையும் கூட்டிக் கழிக்காதே, தனித்தனியாகவே இருக்கட்டும்.

மிச்சக் கச்சேரிகளுக்கும் வருவேன். நீ மேலே அண்ணாந்து தேட வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பது டிக்கெட் வாங்கின ஒரு பொம்பளை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வா. திட்டுவேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஒரு சின்ன விஷயம். கச்சேரி முடிந்ததும் உன்னை நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, வாத்தியக்காரர்கள் வெளியே வரும் பின்வாசலில் போய் நின்றேன். எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. உன் முதுகு போலவே ஒரு முதுகு போயிற்று. “டேய்!” என்று ஓங்கி ஒன்று வைத்தேன். திரும்பினால் கோல்காரர். கையிலிருந்த கோல் தெறித்துக் கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து, ஆள் உயர வாத்தியம் ஒன்றைச் சக்கரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் வண்டியைக் கோல்மேல் ஏற்றிவிட்டார். “நீங்க யாரு?” என்று கோல்காரர் கேட்டார். “மேல்மாடி, கடைசி வரிசை” என்றேன். வந்ததற்கு நன்றி என்றார். கோல் இரண்டு துண்டாகிவிட்டது. ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். மற்றது என்னிடம் இருக்கிறது.

அக்கா